கேமிங் பிசி: எந்தப் பார்ட் எதோடு சேரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய நினைக்கிறவர்கள் கடைக்காரர் எழுதிக்கொடுத்த கொட்டேஷனை வாட்ஸப்பில் அனுப்பி, "இது எல்லாம் ஒண்ணோடு ஒண்ணு சேருமா?" என்று என்னிடம் கேட்பார்கள். பெரும்பாலும் மறுநாள் காலையில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

விளக்குவதற்கு வசதியாக ஒரு மாதிரிப் பட்டியலை வைத்துக்கொள்வோம்: ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, டிடிஆர்5-6000 ரேம் (16 ஜிபி இரண்டு), ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பார்ட்டுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி). கீழே "மாதிரிப் பட்டியல்" என்று வருவதெல்லாம் இதுதான்.

முதல்ல எதை முடிவு பண்ணணும்? ப்ராசஸரா, கிராபிக்ஸ் கார்டா?

மானிட்டரை. 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விளையாடப்போகிறவருக்கும் 1440பி, 165 ஹெர்ட்ஸில் விளையாடப்போகிறவருக்கும் ஒரே கார்டு தேவைப்படாது. எந்த மானிட்டர், என்னென்ன கேம் என்று தெரிந்துவிட்டால் கிராபிக்ஸ் கார்டு தானாக முடிவாகும். பட்ஜெட்டில் பெரிய பங்கு அதற்குத்தான் போக வேண்டும். பிறகு அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கும் ப்ராசஸர், ப்ராசஸருக்கு ஏற்ற போர்டு, போர்டுக்கு ஏற்ற ரேம், கடைசியாக எல்லாவற்றுக்கும் சேர்த்து எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று போகலாம்.

"ஐ7 வேணும்" என்று ப்ராசஸரில் ஆரம்பித்து, மிஞ்சிய காசுக்கு ஒரு கார்டு என்று முடிப்பவர்கள் நிறையப் பேர். கேமிங்குக்கு அது தலைகீழான வரிசை.

இன்டெல், ஏஎம்டி ரெண்டுக்கும் ஒரே போர்டு போதுமா?

போதாது. ப்ராசஸர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர், இரண்டு நிறுவனத்துக்கும் அது வேறு வேறு. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே தலைமுறைக்குத் தலைமுறை மாறவும் செய்யும். ஏஎம்டியில் ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள் ஏஎம்5 சாக்கெட்டில் உட்காரும். அதற்கு முந்தைய 5000 வரை ஏஎம்4. இன்டெல்லில் 12, 13, 14-ம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1700, 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851.

சாக்கெட் பெயர் ஒத்துப்போனால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கென்று ப்ராசஸர் ஆதரவுப் பட்டியல் இருக்கும். உங்கள் ப்ராசஸர் அதில் இருக்கிறதா, எந்த பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பிலிருந்து என்று போட்டிருக்கிறது, இரண்டையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்வதையும் நான் சொல்வதையும் விட அந்தப் பக்கத்தை நம்புங்கள்.

ஏஎம்4 விலை கம்மியா இருக்கே, அதையே வாங்கிடலாமா?

கையில் டிடிஆர்4 ரேம் ஏற்கெனவே இருந்தால் தாராளமாக யோசிக்கலாம். 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறிய பிறகு இந்தக் கணக்குக்கு இன்னும் மதிப்பு கூடியிருக்கிறது. ரைசன் 5 5600 இன்றும் 1080பி கேமிங்குக்குக் கெட்டியான ப்ராசஸர்.

ரேம் உட்பட எல்லாமே புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் ஏஎம்5 பக்கம் போங்கள். ஏஎம்4 கிட்டத்தட்ட முடிந்துபோன பாதை. ஏஎம்5 சாக்கெட்டைக் குறைந்தது 2027 வரை தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 2017-ல் ஏஎம்4 போர்டு வாங்கிய பலர் ஐந்து வருஷம் கழித்து பயாஸை மட்டும் அப்டேட் செய்து ரைசன் 5000 போட்டார்கள். அந்த வசதிக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது தப்பில்லை.

ஏ620, பி650, எக்ஸ்670ன்னு போர்டுல இத்தனை வகை. எனக்கு எது?

இந்த எண்கள் சிப்செட்டைக் குறிக்கின்றன. எத்தனை யூஎஸ்பி, எத்தனை எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்), ஓவர்கிளாக் (நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது) செய்ய முடியுமா என்பதெல்லாம் பெரும்பாலும் அதைப் பொறுத்தது. கேம் விளையாடும்போது கிடைக்கும் வேகம் சிப்செட்டால் நேரடியாகக் கூடாது. நம் மாதிரிப் பட்டியலுக்கு நடுத்தரமான பி650 போதும், இப்போது அதே இடத்தில் பி850-யும் கிடைக்கிறது. ஏ620-யில் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய முடியாது. அதைவிட, மலிவான ஏ620 போர்டுகளில் ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி பலவீனமாக இருப்பதுண்டு. 7600-க்கு ஓடும், நாளைக்கு 16 கோர் ப்ராசஸர் மாற்றினால் திணறும்.

இன்டெல்லில் எச், பி எழுத்துப் போர்டுகளில் ப்ராசஸர் ஓவர்கிளாக் கிடையாது, இசட் போர்டில் உண்டு. எச்610 போர்டில் கே (ஓவர்கிளாக்குக்கான) ப்ராசஸரை உட்காரவைத்த கொட்டேஷன் வந்தால் மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுங்கள்.

ப்ராசஸர் பேருக்குப் பின்னாடி எஃப், கே, ஜின்னு வருதே, அது என்ன?

எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவுமே வராது. விலை கொஞ்சம் குறையும் என்பதால் பலர் வாங்குகிறார்கள். கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போனால் திரும்பி வரும்வரை பிசி சும்மா கிடக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். மாதிரிப் பட்டியலில் 7500எஃப் போடாமல் 7600 போட்டதற்குக் காரணம் இதுதான்.

இன்டெல் கே என்றால் ஓவர்கிளாக் செய்யலாம், பெட்டியில் கூலர் வராது. ஏஎம்டி ஜி என்றால் உள்ளிருக்கும் கிராபிக்ஸ் வலுவானது. கார்டு வாங்கக் காசு சேரும்வரை சின்ன கேம்களை அதில் ஓட்டலாம். எக்ஸ்3டி வகையில் கேஷ் மெமரி அதிகம், கேமிங்குக்கென்றே செய்தது. 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டும் மிக நல்ல ப்ராசஸர்கள்தான். ஆனால் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்கு அவை வீண் செலவு.

பழைய பிசில இருக்கிற டிடிஆர்4 ரேமைக் கழட்டி புது போர்டுல போடலாமா?

போர்டு டிடிஆர்4 போர்டாக இருந்தால் மட்டும். ஏஎம்5, எல்ஜிஏ1851 போர்டுகள் எல்லாமே டிடிஆர்5. எல்ஜிஏ1700-ல்தான் குழப்பம் வரும். ஒரே பி760 சிப்செட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. மாடல் பெயரின் கடைசியில் டி4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

இரண்டு வகையிலும் 288 பின்கள்தான். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும், தப்பான ஸ்லாட்டில் இறங்காது. அழுத்தி இறக்கப் பார்க்காதீர்கள்.

இப்போ ஒரு 16 ஜிபி, அப்புறமா இன்னொரு 16 ஜிபி போட்டுக்கலாமா ப்ரோ?

போடலாம், ஆனால் இரண்டையும் ஒரே கிட்டாக வாங்குவதே நல்லது. ஒற்றை ரேமில் ஒரு சேனல் மட்டும் வேலை செய்யும். கேமில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) குறைவது கண்ணுக்கே தெரியும். ஆறு மாதம் கழித்து அதே பிராண்டு, அதே வேகம் என்று தேடி வாங்கினாலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்க வாய்ப்புண்டு. சேர்ந்து ஓடினால் அதிர்ஷ்டம்.

நான்கு ரேம் போடும் ஆசையையும் டிடிஆர்5-ல் விட்டுவிடுங்கள். ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம், இரண்டு ரேம் போட்டால் 5200, நான்கு போட்டால் 3600. 64 ஜிபி தேவை என்றால் 32 ஜிபி இரண்டு வாங்குங்கள். இரண்டு ரேமையும் பொதுவாக ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட வேண்டும். போர்டின் கையேட்டில் படமே இருக்கும்.

6000 ரேம்னு காசு கொடுத்து வாங்கினேன், 4800தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் வேகம் தானாக வராது. பயாஸுக்குள் போய் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை ஆன் செய்து சேமிக்க வேண்டும். ரைசன் 7000, 9000 இரண்டுக்கும் 6000 பொருத்தமான வேகம். 7200, 8000 என்று மேலே போவதால் செலவுக்கேற்ற பலன் இந்த ப்ராசஸர்களில் கிடைப்பதில்லை.

எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ் வேணும்? 450 வாட் போதும்னு கடையில சொல்றாங்க.

மாதிரிப் பட்டியலை வைத்தே கணக்குப் போடுவோம். 5060 டிஐ 180 வாட். 7600-க்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 50 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 320 பக்கம் வருகிறது. அப்படியானால் 450 போதுமே என்று தோன்றும். ஆனால் கிராபிக்ஸ் கார்டுகள் நொடியின் சிறு துண்டில் தங்கள் கணக்கைத் தாண்டி இழுக்கும். அந்த நேரத்தில் தாங்காத எஸ்எம்பிஎஸ், கேமின் நடுவே பிசியை அணைத்துவிடும். என்விடியாவே இந்தக் கார்டுக்கு 600 வாட் பரிந்துரைக்கிறது. நான் 650 போடச் சொல்வது அதனால்தான். 5070-க்கு 650, 5070 டிஐக்கு 750, 5080-க்கு 850 என்பவையும் என்விடியாவின் பரிந்துரைகள்.

வாட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குவதுதான் பெரிய ஆபத்து. பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் மேல் 650 என்று ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் இருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை வாட் என்று பாருங்கள். நல்ல தயாரிப்பில் அது மொத்த வாட்டுக்கு மிக அருகில் இருக்கும். ப்ராசஸரும் கார்டும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கேமிங் பிசியில் மாட்டவே மாட்டாதீர்கள். பட்ஜெட் இடித்தால் கார்டில் ஒரு படி இறங்குங்கள், இதில் இறங்க வேண்டாம்.

80 பிளஸ் கோல்டுன்னா நல்ல எஸ்எம்பிஎஸ்தானே?

அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டும். உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் எப்படி, எத்தனை வருஷம் உழைக்கும் என்று அது சொல்லாது. நான் வாரண்டியைப் பார்ப்பேன். ஏழு, பத்து வருஷம் கொடுக்கும் மாடல்களை நம்பி வாங்கலாம்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸோட கேபிள் நல்லா இருக்கு, புதுசுல மாட்டிக்கலாமா?

கூடவே கூடாது. கழற்றி மாட்டும் மாடுலர் கேபிளில் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுவான தரம் கிடையாது. பிராண்டுக்குப் பிராண்டு, சில சமயம் ஒரே பிராண்டின் மாடலுக்கு மாடல், பின் வரிசை மாறும். செருகினால் அழகாக உட்காரும், ஆன் செய்ததும் எஸ்எஸ்டியோ போர்டோ கருகிப்போகும். புது எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று: ப்ராசஸருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ப்ராசஸருடையது 4+4 ஆகப் பிரியும், கார்டுடையது 6+2 ஆகப் பிரியும். புது என்விடியா கார்டுகள் பலவற்றில் 16 பின் இணைப்பு வருகிறது. அதை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுதாக அழுத்திச் செருக வேண்டும், செருகிய இடத்தை ஒட்டியே மடக்கக் கூடாது. 2022-ல் 4090 கார்டுகளில் இந்த இணைப்பு உருகிய செய்திகள் வந்தபோது, முழுதாகச் செருகாதது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

பழைய போர்டுல புது கார்டு போட்டா ஓடுமா? ஸ்லாட் ஜென் 3தான்.

ஓடும். கார்டு செருகும் பிசிஐஇ ஸ்லாட்டில் தலைமுறை (ஜென்) வித்தியாசம் இருந்தாலும் கார்டு வேலை செய்யும், இரண்டில் எது மெதுவோ அந்த வேகத்தில். கவனிக்க வேண்டியது லேன் (தரவு போகும் பாதை) எண்ணிக்கை. 4060, 5060, 5060 டிஐ ஆகியவை 16 லேன் ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் 8 லேனைத்தான் பயன்படுத்தும். ஜென் 4-ல் அது பொருட்டே இல்லை. ஜென் 3-ல், அதுவும் 8 ஜிபி கார்டில் மெமரி நிரம்பிவிட்டால், கேம் தடுக்கித் தடுக்கி ஓடும். 4 லேன் மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டை ஜென் 3 போர்டுக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

கேபினெட் எதுவா இருந்தா என்ன, எல்லாம் ஒரே பெட்டிதானே?

மூன்று அளவுகளைப் பாருங்கள். போர்டின் அளவு: ஏடிஎக்ஸ் 305×244 மிமீ, மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244×244, மினி ஐடிஎக்ஸ் 170×170. பெரிய கேபினெட்டில் சின்ன போர்டு போகும், மறுபக்கம் நடக்காது. அடுத்து கார்டின் நீளம். மூன்று ஃபேன் கார்டுகள் 300 மிமீ தாண்டுவது சகஜம். முன்பக்கம் லிக்விட் கூலரின் ரேடியேட்டர் மாட்டினால் அந்த இடமும் குறையும். மூன்றாவது, கூலரின் உயரம். டவர் கூலர்கள் 155 முதல் 165 மிமீ வரை வரும்.

காற்றோட்டத்தை இந்த மூன்றுக்கும் மேலாகவே நான் வைப்பேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய கேபினெட் படத்தில் அழகு. மே மாதத்தில் 38 டிகிரி இருக்கும் அறையில் அதற்குள் காற்று எங்கிருந்து வரும்? முன்னால் வலை, இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இது போதும். தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவ முடிகிறதா என்றும் பாருங்கள்.

நம்ம ஊரு வெயிலுக்கு லிக்விட் கூலர் கட்டாயமா?

இல்லை. லிக்விட் கூலரும் அறைக் காற்றை வைத்துத்தான் குளிர்விக்கிறது, அறையை விடக் குளிராக எதையும் ஆக்காது. 7600-க்குப் பெட்டியோடு வரும் கூலரே சமாளிக்கும், சத்தம் குறைய வேண்டுமென்றால் ஒரு டவர் கூலர் போடலாம். 7800எக்ஸ்3டி வாங்கினால் பெட்டியில் கூலர் வராது, அதற்கும் நல்ல ஏர் கூலர் போதும்.

ஏஎம்4 கூலர்களில் பெரும்பாலானவை ஏஎம்5-லும் பொருந்தும். போர்டின் பின்தகட்டை மாற்றி மாட்டும் வகைகள் மட்டும் பொருந்தாது. எல்ஜிஏ1700-க்கும் அதற்கு முந்தைய இன்டெல் போர்டுகளுக்கும் துளைகளின் இடைவெளி வேறு, தனி கிளிப் வேண்டும்.

எம்.2 எஸ்எஸ்டின்னா எல்லாம் ஒண்ணுதானே?

எம்.2 என்பது வடிவம் மட்டும். அதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. சாட்டா நொடிக்கு 550 எம்பி பக்கம், ஜென் 4 என்விஎம்இ 7000 வரை. கேம் திறக்கும் நேரத்தில் ஜென் 3-க்கும் ஜென் 4-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, விலை குறைவாகக் கிடைப்பதை வாங்கலாம். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் அங்கே தேடுங்கள்.

எல்லாம் சரியா மாட்டியாச்சு, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே மட்டும் வரல. போர்டு போச்சா?

அவசரப்படாதீர்கள். ஏஎம்5-ல் முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும். சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், நடுவில் அணைக்க வேண்டாம். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் மானிட்டர் கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, ப்ராசஸரின் 8 பின் மாட்டியிருக்கிறதா, ரேம் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இவை சரி என்றால் அடுத்த சந்தேகம் பயாஸ். பி650 போர்டுகள் 2022-லேயே வந்தவை, ரைசன் 9000 வந்தது 2024 ஆகஸ்ட்டில். கடையில் பழைய ஸ்டாக் போர்டு கிடைத்தால் புது ப்ராசஸரை அதற்குத் தெரியாது. மேலே சொன்ன ஆதரவுப் பட்டியலில் பயாஸ் பதிப்பைப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவ் வைத்து அப்டேட் செய்யலாம். கோப்பின் பெயரைக் கையேட்டில் சொன்னபடி மாற்றி, குறிப்பிட்ட யூஎஸ்பி போர்ட்டில் செருக வேண்டும். நடுவில் கரண்ட் போகக் கூடாது. பட்டன் இல்லாத போர்டென்றால் கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லி, ஓடுவதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வீட்ல 600 விஏ யூபிஎஸ் இருக்கு, தாங்குமா?

கேம் ஓடும்போது தாங்காது. 600 விஏ என்று விற்பவை பொதுவாக 360 வாட். முன்பு கணக்கிட்ட 320 வாட்டோடு எஸ்எம்பிஎஸ்ஸின் இழப்பையும் மானிட்டரையும் சேர்த்தால் 400 வந்துவிடும். 1000 விஏ, 600 வாட் யூபிஎஸ் வாங்குங்கள். விஏவை விட்டுவிட்டு வாட்டைப் பார்த்து வாங்குவது முக்கியம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் அது சைன் வேவ் வகையாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் சில நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே அணைந்துவிடும்.

பாட்டில்நெக் கால்குலேட்டர் 18% காட்டுது, பயமா இருக்கு.

ப்ராசஸரும் கார்டும் ஒன்றையொன்று எவ்வளவு பின்னிழுக்கும் என்று சதவீதம் சொல்லும் அந்தத் தளத்தை மூடிவிடுங்கள். எந்தக் கேம், எந்த ரெசல்யூஷன் என்பதைப் பொறுத்து ஒரே பிசியில் ஒரு நேரம் ப்ராசஸர் பின்தங்கும், இன்னொரு நேரம் கார்டு பின்தங்கும். அதை ஒற்றைச் சதவீதத்தில் அடைக்க முடியாது. நீங்கள் விளையாடும் கேமில் அதே ப்ராசஸர், அதே கார்டு எத்தனை எஃப்பிஎஸ் தருகிறது என்று சோதனை வீடியோக்களைப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட்ல 13900கே சல்லிசா கிடைக்குது, எடுக்கலாமா?

நான் எடுக்க மாட்டேன். 13, 14-ம் தலைமுறை உயர்ரக இன்டெல் ப்ராசஸர்களில் மின்னழுத்தம் கூடுதலாகப் போய் நிலையின்மை வந்தது. 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் இன்டெல் பயாஸ் வழியாக மைக்ரோகோட் திருத்தம் கொடுத்தது, பெட்டி ப்ராசஸர்களுக்கு வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியது. திருத்தம் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. முன்பு வைத்திருந்தவர் எந்த பயாஸில் ஓட்டினார் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை.

காம்போவா வாங்கினா பில் இல்லாம குறைச்சுத் தர்றாங்க. வாங்கலாமா?

வேண்டாம். ஒவ்வொரு பார்ட்டின் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாவிட்டால், வாரண்டி கேட்டுப் போகும்போது நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். கொட்டேஷனில் "8 ஜிபி கார்டு", "650 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று மட்டும் இருந்தால் முழு மாடல் பெயரை எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருகிறார்கள் என்றால், அந்த பிராண்டின் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எல்லாம் ஓடுது, ஆனா வேலரண்ட் மட்டும் திறக்க மாட்டேங்குது. பார்ட்ல ஏதும் பிரச்சனையா?

பார்ட் சரிதான், பயாஸில் அமைப்பு விட்டுப்போயிருக்கும். விண்டோஸ் 11-ல் அந்தக் கேமுக்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். பேட்டில்ஃபீல்டு 6-ம் செக்யூர் பூட் கேட்கிறது. மேலே சொன்ன எல்லா சாக்கெட்டுகளிலும் இந்த வசதி உண்டு. பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறையில் பூட் செய்வதற்கான அமைப்பு) என்பதை அணைத்து, செக்யூர் பூட்டை ஆன் செய்யுங்கள். பழைய பிசியின் எஸ்எஸ்டியை விண்டோஸோடு அப்படியே கொண்டுவந்திருந்தால் அது எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் இருக்கலாம். அப்போது சிஎஸ்எம்மை அணைத்ததும் பூட் ஆகாது. அதனால் முதலில் ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றுங்கள், அல்லது ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவுங்கள். புது போர்டு, புது ப்ராசஸர் என்று மாறியிருக்கும்போது மறுபடி நிறுவுவதையே நான் சொல்வேன்.